மருத்துவக் காப்பீட்டு விதிகளை எழுதுவோருக்கு: இந்த லென்ஸும் சிகிச்சைதான்

மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களுக்கு விதி வகுப்பவர்களுக்கும், அந்த விதிகளை வைத்து கிளைம்களுக்கு முடிவு சொல்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் காண்டாக்ட் லென்ஸ் பொருத்தும் ஆப்டோமெட்ரிஸ்ட். கண்ணாடியால் சரிசெய்ய முடியாத கண்களோடு வருபவர்களைத்தான் நான் பெரும்பாலும் பார்க்கிறேன். கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் தெளிந்த படலமான கருவிழி (கார்னியா) கூம்பிப்போனவர்கள், கருவிழி மாற்று அறுவை சிகிச்சை முடிந்தும் தெளிவு கிடைக்காதவர்கள், லேசர் சிகிச்சைக்குப் பிறகு கருவிழி தளர்ந்தவர்கள், கண்ணீர் வற்றிக் கண்ணைத் திறக்கவே முடியாதவர்கள், கண்புரை எடுத்த கைக்குழந்தைகள். இவர்களுடைய விண்ணப்பங்கள் உங்களிடம் வரும்போது திரும்பக் கிடைக்கும் பதில் பல நேரம் ஒரே வரிதான்: கண்ணாடியும் காண்டாக்ட் லென்ஸும் அழகும் வசதியும் சார்ந்தவை, திட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை.

அந்த விதியை மாற்றச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். கண்ணாடியே போதும் என்ற நிலையில், கண்ணாடி வேண்டாமென்று விரும்பி அணியும் லென்ஸைப் பற்றி நான் பேசவில்லை. அதை நீங்கள் விலக்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்தக் கண்ணாடி போட்டாலும் பார்வை வராத கண்ணுக்கு, அந்த ஒரு கண்ணுக்கென்றே அளவெடுத்துச் செய்யும் லென்ஸ் வேறு சங்கதி. அது சிகிச்சை. அறுவை சிகிச்சைக்கு என்ன இடம் கொடுக்கிறீர்களோ அதே இடத்தை இதற்கும் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

ஏன் கண்ணாடி போதாது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் நிராகரிப்புகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன. கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழியே செய்கிறது. நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். கெரட்டோகோனஸ் என்னும் நோயில் அந்தப் படலம் இன்னும் மெலிந்து, கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்க மாட்டாமல் முன்பக்கம் துருத்திக் கூம்பாகிறது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். முப்பது, சில சமயம் நாற்பது வயதுவரை கூடிக்கொண்டே போகும். படிப்பு, முதல் வேலை, வண்டி ஓட்டும் உரிமம் எல்லாம் அமைய வேண்டிய வயது அது. 1854-இல் ஜான் நாட்டிங்ஹாம் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைப் பற்றித் தனி நூலே எழுதிவிட்டார். ஆனாலும் இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் அரிய நோய் என்றே நெடுங்காலம் எண்ணிவந்தோம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ரெயின் ஆய்வு என்ற நீண்டகால உடல்நல ஆய்வில் பங்கேற்ற 20 வயதினரின் கருவிழிகளை நவீனக் கருவியால் படமெடுத்துப் பார்த்தபோது 84 பேரில் ஒருவருக்கு இது இருந்தது. எல்லா ஊருக்கும் அதே விகிதம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ‘அரிதிலும் அரிது, தனி விதி எதற்கு’ என்று இனியும் ஒதுக்க முடியாது.

கண்ணாடி திருத்தக்கூடியது ஒழுங்கான பிழையை. கிட்டப்பார்வை, தூரப்பார்வை, குறிப்பிட்ட கோணத்தில் சீராக இருக்கும் சிலிண்டர் பவர், இவ்வளவுதான். கூம்பிய கருவிழியில் பிழை இடத்துக்கு இடம் மாறுகிறது. மேலே ஒரு வளைவு, கீழே வேறொரு வளைவு, நடுவில் சரிவு. கண்மணி வழியாக நுழையும் ஒளிக்கதிர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் போய் விழுகின்றன. அதனால்தான் இந்த நோயாளிகள் “மங்கலாத் தெரியுது” என்று மட்டும் சொல்வதில்லை. “ஒரு கண்ணை மூடினாலும் நிலா நாலஞ்சா தெரியுது”, “எழுத்துக்குக் கீழ வால் தொங்குது”, “எதிர்ல வர்ற வண்டியோட லைட் சிதறிப் பரவுது” என்பார்கள். கண்ணாடியின் பவரை ஏற்றினாலும் இறக்கினாலும் அந்த நிழல்கள் போவதில்லை. வருடத்துக்கு மூன்று கண்ணாடி மாற்றிக் களைத்துப்போய், தங்களுக்குக் கவனம்தான் இல்லையோ என்று நினைக்கத் தொடங்கிவிட்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாதாரண மென்லென்ஸும் இங்கே பெரிதாக உதவாது. அது கருவிழியின் மேல் படிந்து, கருவிழியின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். மேடு மேடாகவே இருக்கும். காற்றுப் புகவிடும் கடின லென்ஸ், நாங்கள் ஆர்ஜிபி என்று சொல்வது, தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காது. அதற்கும் கருவிழிக்கும் இடையில் உள்ள வெளியைக் கண்ணீர் நிரப்பிவிடும். குண்டும் குழியுமான சாலையில் மழைநீர் தேங்கினால் மேற்பரப்பு மட்டமாகிவிடுவதைப் போலத்தான் இது நடக்கிறது. கண்ணீரின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் அளவு, கருவிழியின் எண்ணுக்கு நெருக்கமானது என்பதால், ஒளிக்கு அந்த மேடுபள்ளங்களில் பெரும்பகுதி இல்லாததாகிவிடுகிறது. கருவிழியின் முன்புறத்தில் இருந்த கோளாறை லென்ஸின் மழமழப்பான முகப்பு ஏற்றுக்கொள்கிறது. பவர் கூட்டிக் கொடுப்பது மட்டும் இங்கே நடப்பதில்லை. கண்ணுக்குப் புதிய முன்பரப்பே அமைகிறது. ஊனமான காலுக்குச் செயற்கைக் கால் பொருத்துவதைச் சிகிச்சையின் பகுதியாக ஏற்கும் விதி, இதை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த லென்ஸின் வரலாற்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் அழகுக்காகப் பிறந்து, பிறகு மருத்துவத்துக்கு வந்தது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. நடந்தது நேர்மாறு. 1888-இல் ஜூரிக்கில் அடால்ஃப் ஓய்கன் ஃபிக் என்ற மருத்துவர் கண்ணாடியில் செய்த லென்ஸை முதலில் முயல்களிலும், பிறகு தன் கண்ணிலும், அதன் பிறகு நோயாளிகளிடமும் போட்டுப் பார்த்தார். அவர் குறிவைத்தது ஒழுங்கிழந்த கருவிழிகளை. அதே ஆண்டு பாரிஸில் யூஜீன் கால்ட் கெரட்டோகோனஸ் நோயாளிகளுக்காகவே கண்ணாடி ஓடுகளைப் பொருத்திப் பார்த்தார். மறு ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் முல்லர் என்ற மருத்துவ மாணவர், தன் கடுமையான கிட்டப்பார்வைக்குத் தானே லென்ஸ் செய்து, அதையே தன் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் அதைக் கண்ணில் வைத்திருக்க முடியவில்லை. கண்ணாடி வழியாகக் கருவிழிக்கு ஆக்சிஜன் போகாது. அந்த ஒரு சிக்கலைத் தீர்க்கத்தான் அடுத்த நூறாண்டு போயிற்று. 1948-இல் அமெரிக்காவின் கெவின் டூவி பிளாஸ்டிக்கில் கருவிழியளவுக்குச் சிறிய லென்ஸ் செய்தார். 1961-இல் செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, பிள்ளைகள் விளையாடும் கட்டுமானப் பொம்மைத் துண்டுகளைக் கொண்டு வீட்டிலேயே எந்திரம் கூட்டி மென்லென்ஸ் வார்த்தார். கோடிக்கணக்கானோர் இன்று வசதிக்காக அணியும் லென்ஸ் அந்த வழியில் வந்தது. ஆக்சிஜன் புகும் கடினப் பொருட்கள் வந்த பிறகு, 1983-இல் ஆஸ்திரேலியாவின் டான் எசக்கியேல் அவற்றைக் கொண்டு, வெள்ளைவிழியின் மேல் ஊன்றி நிற்கும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ்களைச் செய்து காட்டினார். ஃபிக் தொடங்கிய வேலை அங்கேதான் ஒழுங்காகக் கைகூடியது. அந்த நீண்ட வழியின் நடுவில் வந்த கிளை ஒன்றை மட்டும் பார்த்து உங்கள் விதி எழுதப்பட்டிருக்கிறது.

இன்று எங்கள் கையில் பல வகை இருக்கின்றன. கருவிழிமேல் மட்டும் உட்காரும் சிறிய ஆர்ஜிபி, நடுவில் கடினமும் ஓரத்தில் மென்மையுமான ஹைபிரிட், மென்லென்ஸின் மேல் கடின லென்ஸை வைக்கும் பிக்கிபேக் முறை, ஸ்கிளீரல். நோயின் நிலையும் கண்ணின் பொறுமையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். எல்லோருக்கும் ஸ்கிளீரல் தேவைப்படாது. சிறிய லென்ஸே போதுமான கண்ணுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும்.

ஸ்கிளீரலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் மேஜையில் அதிகம் தடுக்கப்படுவது அதுதான். ஏறக்குறைய 15 மில்லிமீட்டரிலிருந்து 20-க்கும் மேலான விட்டம் கொண்டது. கருவிழியை எங்கேயும் தொடாமல் கவிந்து நின்று, வலியுணர்வு குறைந்த வெள்ளைவிழியின் மேல் விளிம்பை ஊன்றிக்கொள்ளும். கண்ணில் போடும் முன் அதைக் கிண்ணம்போல் பிடித்து, கெடாமல் காக்கும் பதப்பொருள் சேராத சலைன் என்ற உப்புநீரால் நிரப்பி, முகத்தைத் தரைக்கு இணையாகக் குனிந்து பொருத்த வேண்டும். காற்றுக்குமிழி ஒன்று உள்ளே மாட்டினாலும் எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். அந்தச் சலைன் நாள் முழுதும் கருவிழியை நனைத்தபடி உள்ளேயே இருக்கும். கூம்பின் நுனிக்கும் லென்ஸுக்கும் இடையில் இருக்க வேண்டிய வெளி ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவுதான். குறைந்தால் லென்ஸ் கருவிழியில் உரசும். கூடினால் ஆக்சிஜன் குறையும், நடுப்பகலில் உள்ளே பனிமூட்டம்போல் கலங்கும். லென்ஸ் போட்ட சில மணி நேரத்தில் மெல்ல அமிழ்ந்து இறங்குவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெள்ளைவிழி உருண்டையானது என்று நினைத்திருந்தோம். பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு பக்கம் சரிந்தும் ஒரு பக்கம் நிமிர்ந்தும்தான் இருக்கிறது. விளிம்பு எங்காவது அழுத்தினால் அங்கே இரத்தக்குழாய்கள் வெளிறிவிடும். எங்காவது தூக்கிக்கொண்டால் குமிழி புகும். ஆகவே விளிம்பின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக வடிவமைக்கிறோம்.

இதற்கு வேண்டியது நேரம். முதலில் கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபடமாக எடுக்கிறோம். பொருத்திப் பார்க்க வைத்திருக்கும் டிரையல் லென்ஸ்களில் ஒன்றைப் போட்டு, உட்கார வைத்துக் காத்திருந்து, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் பச்சையாக ஒளிரும் சாயத்தோடும், கருவி இருந்தால் கண்ணின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி படத்தோடும் பார்க்கிறோம். லென்ஸின் மேல் மீதமுள்ள பவரைச் சோதிக்கிறோம். ஆர்டர் செய்த லென்ஸ் வந்ததும் மறுபடி அதே சோதனை. முதல் லென்ஸே சரியாக அமைவது உண்டு. இரண்டு, மூன்று முறை திருத்த வேண்டியதும் உண்டு. பிறகு நோயாளிக்குப் போடவும் எடுக்கவும் பயிற்சி. கை நடுங்கும் முதியவர், பயத்தில் இமையை இறுக்கும் சிறுவன் என்றால் இன்னும் கூடுதல் அமர்வுகள். அதன் பின்னரும் ஒரு வாரம், ஒரு மாதம், ஆறு மாதம் என்று பார்த்தாக வேண்டும். உங்கள் படிவங்களில் இதற்கெல்லாம் கட்டமே கிடையாது. ‘லென்ஸ், ஒரு ஜோடி’ என்று கேட்கிறீர்கள். லென்ஸுக்கு அனுமதி கிடைத்த சில அரிய வேளைகளிலும் பொருத்துவதற்கு அனுமதி கிடைப்பதில்லை. பொருத்தாத ஸ்கிளீரல் லென்ஸ் எதற்கும் உதவாது. பொருத்துவதில்தான் சிகிச்சை இருக்கிறது.

உங்கள் திட்டங்களில் பல, கருவிழி மாற்று அறுவை சிகிச்சைக்குப் பணம் தருகின்றன. தர வேண்டியதுதான். கருவிழியில் அடர்ந்த தழும்பு விழுந்துவிட்டால் லென்ஸ் உதவாது, மாற்றுக் கருவிழிதான் வழி. ஆனால் தழும்பு குறைவாக இருந்து, வடிவம் மட்டும் கெட்டுப்போன கண்ணுக்கும் அறுவை சிகிச்சை கிடைத்துவிடுகிறது, லென்ஸ் கிடைப்பதில்லை. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகர மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான கெரட்டோகோனஸால் கருவிழி மாற்றுக்குப் போயிருக்க வேண்டிய 51 கண்களுக்கு ஸ்கிளீரல் லென்ஸ் பொருத்தினார்கள். அவற்றில் 40 கண்கள் நீண்டகாலம் லென்ஸோடே நன்றாக இருந்தன. உலகளவில் 70 பேருக்குக் கருவிழி தேவைப்பட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது என்று 2016-இல் வெளியான கணக்கெடுப்பு சொன்னது. தானமாக வந்த ஒரு கருவிழியை லென்ஸால் தேற்றியிருக்கக்கூடிய கண்ணில் வைத்துத் தைக்கும்போது, வேறு வழியே இல்லாத ஒருவர் வரிசையில் இன்னும் பின்னுக்குப் போகிறார்.

மாற்றுக் கருவிழி வைத்ததோடு கதை முடிவதும் இல்லை. தையல்கள் மாதக்கணக்கில் இருக்கும். உடல் அதை எந்த ஆண்டும் நிராகரிக்கலாம். சொட்டு மருந்து நீளும். தையல் பிரித்த பிறகும் சிலிண்டர் பவர் அதிகமாகவும் ஒழுங்கற்றும் நின்றுவிடுவது சகஜம். அப்போது அந்த நோயாளி மறுபடி எங்களிடம்தான் வருகிறார், கடின லென்ஸுக்காக. பெரிய செலவுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு, அதன் பலனைக் கண்ணுக்குக் கொண்டுவரும் கடைசிக் கட்டத்தில் நீங்கள் கையை விரிக்கிறீர்கள். கிராஸ்லிங்கிங் விஷயத்திலும் இதுதான். ரைபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை இறுக்கும் அந்தச் சிகிச்சை, 2003-இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகர மருத்துவர்கள் முதல் முடிவுகளை வெளியிட்ட பிறகு பரவியது. நோய் முற்றுவதை அது தடுக்கிறது. அருமையான சிகிச்சை, இளவயதிலேயே செய்ய வேண்டியது. ஆனால் கூம்பிய கருவிழியை அது பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவதில்லை. நோயை நிறுத்த ஒன்று, பார்வையைத் தர இன்னொன்று. லென்ஸும் தன் பங்குக்கு நோயை நிறுத்தாது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த இளைஞர் வேலைக்குப் போக முடியும்.

பார்வை அளவை மட்டும் வைத்து எழுதிய விதிகளால் அதிகம் பாதிக்கப்படுவது வேறொரு கூட்டம். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறியில், பெரும்பாலும் ஏதோவொரு மருந்தின் ஒவ்வாமையால், தோலும் சளிச்சவ்வும் வெந்து உரிகின்றன. உயிர் பிழைத்தவர்களில் பலருக்கு இமையின் உட்புறம் தழும்பேறி, முடி உள்நோக்கி வளர்ந்து, ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியைக் கீறும். எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு கொடையாளியின் செல்கள் கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நிலை உண்டு. ஷோக்ரன் நோயில் கண்ணீர் வற்றும். முக நரம்பு செயலிழந்து இமை மூடாதவர்கள் உண்டு. இவர்கள் வெளிச்சத்தில் கண் திறக்க முடியாமல், நாளுக்கு முப்பது நாற்பது தடவை சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, இருட்டறையில் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்கிளீரல் லென்ஸுக்குள் நிற்கும் சலைன் அவர்கள் கருவிழியை இமையிலிருந்தும் காற்றிலிருந்தும் காக்கிறது, ஆறாத புண் ஆற இடம் கொடுக்கிறது. அமெரிக்காவில் பெரி ரோசந்தால் என்ற கண் மருத்துவர் இந்த நோயாளிகளுக்காகவே வாழ்நாள் உழைப்பைச் செலவிட்டார்; அவர் உருவாக்கிய லென்ஸுக்கு 1994-இல் அந்நாட்டு அரசின் அனுமதி கிடைத்தது. முப்பது ஆண்டு கடந்துவிட்டது. இத்தகைய ஒருவரின் விண்ணப்பத்தில் ‘கண்ணாடியோடு பார்வை 6/12, ஆகவே தகுதியில்லை’ என்று (இயல்பான கண் 12 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டரில் படிக்கிறார் என்பது அந்த எண்ணின் பொருள்) எழுதி அனுப்பினால், அவர் வலியைப் பற்றி அந்தப் படிவம் கேட்கவே இல்லை என்றுதான் பொருள்.

கெரட்டோகோனஸிலும் அந்த எண் ஏமாற்றும். இருண்ட அறையில், வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்தைக் கண்ணை இடுக்கி, தலையைச் சாய்த்து, நிழல்களுக்கிடையில் ஊகித்துப் படித்து 6/9 வரை வந்துவிடுவார்கள். அதே ஆள் இரவில் தெருவைக் கடக்கும்போதோ, மங்கலான திரையில் எண்களைச் சேர்க்கும்போதோ தடுமாறுவார். ‘ஒரு கண் நன்றாகத்தானே இருக்கிறது’ என்ற காரணமும் அடிக்கடி வருகிறது. இந்த நோய் பெரும்பாலும் இரண்டு கண்களையும் பிடிக்கிறது, ஒன்றை முன்னதாகவும் மற்றதைப் பின்னதாகவும். இன்று நன்றாக இருக்கும் கண்ணை நம்பி மோசமான கண்ணைக் கைவிட்டால், ஆழம் கணிக்கும் திறன் போகும். நாளை நல்ல கண்ணும் கூம்பும்போது அந்த ஆளிடம் மாற்று ஒன்றுமே இருக்காது.

குழந்தைகளைப் பற்றி எழுதும்போது என்னால் நிதானமாக இருக்க முடிவதில்லை. பிறவிக் கண்புரையோடு பிறந்த குழந்தைக்குச் சில வாரங்களிலேயே அறுவை சிகிச்சை செய்து புரையை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அந்தக் கண்ணுக்குள் லென்ஸ் இல்லை. 25, 30 பவர் அளவில் வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். புரை ஒரே கண்ணில் இருந்தால் தடித்த கண்ணாடி போட்டு இரு கண் படங்களையும் ஒப்பவைக்க முடியாது. காண்டாக்ட் லென்ஸோ, கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸோதான் வழி. அமெரிக்காவில் ஒன்று முதல் ஆறு மாதம் வரையிலான 114 குழந்தைகளிடம் இந்த இரண்டையும் ஒப்பிட்டு நெடிய ஆய்வு நடந்தது. நாலரை வயதில் சோதித்தபோது இரு குழுவின் பார்வையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் செயற்கை லென்ஸ் வைத்த குழந்தைகளுக்குக் கூடுதல் அறுவை சிகிச்சைகள் கணிசமாக அதிகம் தேவைப்பட்டன. கண்ணுக்குள் வைப்பதற்குப் பணம் தரும் விதி, கண்ணுக்கு மேல் வைப்பதற்குத் தர மறுப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

இங்கே தாமதமும் மறுப்பும் ஒன்றுதான். பார்க்கக் கற்றுக்கொள்ளும் மூளைக்கு முதல் மாதங்கள் விலைமதிப்பற்றவை. தெளிவான படம் வராத கண்ணை அது ஒதுக்கிவிடும். அதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். பிறகு எவ்வளவு நல்ல லென்ஸ் கொடுத்தாலும் இழந்ததை முழுதாக மீட்க முடியாது. மூன்று மாதக் குழந்தையின் விண்ணப்பம் உங்கள் மேஜையில் எட்டு வாரம் கிடந்தால், அது அந்தக் குழந்தை அதுவரை வாழ்ந்த காலத்தில் பாதிக்கும் மேல். குழந்தையின் கண் வளர வளர பவர் குறையும், லென்ஸை மாற்ற வேண்டும். சின்னக் கை கண்ணைத் தேய்க்கும், லென்ஸ் தொலையும். ‘இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மட்டும்’ என்ற வரம்பை எழுதியவர் கைக்குழந்தையை மனத்தில் வைத்து எழுதியிருக்க முடியாது.

உங்கள் தரப்பில் எழும் கவலைகள் எனக்குத் தெரியும். கதவைத் திறந்தால் எல்லோரும் லென்ஸ் கேட்டு வந்துவிடுவார்கள் என்பது முதலாவது. வர முடியாது. ஒழுங்கற்ற கருவிழியை யாரும் நடித்துக் காட்ட முடியாது. கருவிழி வரைபடம் அதைத் தெளிவாகக் காட்டிவிடும். கண்ணாடியோடு எவ்வளவு, டிரையல் லென்ஸோடு எவ்வளவு என்ற இரண்டு அளவுகளை ஒரே அமர்வில் எழுதிக் கொடுக்க முடியும். சில நாடுகளின் காப்பீட்டுத் திட்டங்களில் மருத்துவத் தேவைக்கான லென்ஸ் என்ற தனி வகை ஏற்கெனவே உண்டு. நோயின் பெயரையும் இத்தகைய அளவுகளையும் வைத்தே அவை முடிவெடுக்கின்றன.

செலவு மீண்டும் மீண்டும் வரும் என்பது இரண்டாவது கவலை. வரும்தான். லென்ஸ் தேயும், கீறல் விழும், நோய் முற்றினால் அளவு மாறும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையும் அப்படித்தான் வாங்குகிறோம். ஒருமுறை செலவானாலும், பல ஆண்டுச் செலவானாலும், எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது தவிர்த்த அறுவை சிகிச்சையையும், அதற்குப் பின்னான மருந்தையும், விட்டுப்போகாத வேலையையும்.

பாதுகாப்புப் பற்றிய கேள்வி மூன்றாவது. இதை நான் மழுப்ப விரும்பவில்லை. எந்த காண்டாக்ட் லென்ஸும் கிருமித்தொற்றுக்கு வழி திறக்கலாம். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவினால் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழிக்குள் புகுந்து, மாதக்கணக்கில் வலியைத் தந்து, பார்வையையே பறிக்கக்கூடும். இந்த லென்ஸோடு தூங்கக் கூடாது. கண்ணின் நிலைமை கருதி மருத்துவர் சொல்லும் விதிவிலக்குகள் வேறு. மாற்றுக் கருவிழியின் உட்புறச் செல்கள் குறைந்துவிட்டால் ஸ்கிளீரல் லென்ஸ் அதை வீங்க வைக்கலாம், அப்படிப்பட்ட கண்களில் மிகக் கவனமாகவே போகிறோம். ஆனால் இந்த அபாயங்களைக் கூட்டுவதே இன்றைய விதிதான். சலைன் குப்பிக்குச் செலவு கிடைக்காதவர் திறந்த குப்பியை நாள் கடந்தும் பயன்படுத்துகிறார். லென்ஸை மாற்ற வசதியில்லாதவர் ஓரம் சிதைந்த லென்ஸையே போடுகிறார். மறுபரிசோதனைக்குக் கட்டணம் கிடைக்காது என்பதால் கண் சிவந்த பிறகுதான் வருகிறார். லென்ஸை ஏற்றுக்கொண்டு, அதைச் சுத்தம் செய்யும் கரைசலையும் தொடர் கவனிப்பையும் விலக்கும் விதி, பாதி விதி.

ஆகவே நான் கேட்பது இது. கெரட்டோகோனஸ், அதன் இனமான மற்றக் கருவிழித் தளர்ச்சிகள், அறுவை சிகிச்சைக்கோ காயத்துக்கோ பிறகு ஒழுங்கிழந்த கருவிழி, கடும் கண்மேற்பரப்பு நோய், லென்ஸ் நீக்கிய குழந்தைக் கண் ஆகியவற்றைப் பெயர் சொல்லி விதியில் எழுதுங்கள். கண் மருத்துவரின் சான்றும் கருவிழி வரைபடமும் போதும் என்று வையுங்கள். பார்வை எண்ணை ஒரே வாசலாக வைக்காதீர்கள். இரண்டு கண்ணுக்கும் தகுதி உண்டென்றால் இரண்டுக்கும் கொடுங்கள். பொருத்தும் அமர்வுகள், பயிற்சி, திருத்தங்கள், ஆண்டு முழுவதுக்குமான சலைனும் கரைசலும் லென்ஸோடு சேர்த்தே கணக்கில் வரட்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் விண்ணப்பத்துக்கு நாட்களில் பதில் கிடைக்க வேண்டும். முதல் லென்ஸுக்கு முன் அனுமதியே கேட்காமல் விட்டால் இன்னும் நல்லது. ஒரு கிளைமை மறுக்கும் முன், லென்ஸ் பொருத்தத் தெரிந்த ஒருவரிடம் அந்தக் கோப்பைக் காட்டும்படி ஏற்பாடு செய்யுங்கள். இன்று கோப்பைப் பார்ப்பவர் ஸ்கிளீரல் லென்ஸைக் கையில் பிடித்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார் என்றே பல பதில்களைப் படிக்கும்போது தோன்றுகிறது.

இவற்றில் எல்லாவற்றையும் ஒரே திருத்தத்தில் செய்ய முடியாது என்றால், குழந்தைகளிடமிருந்தும் கண்மேற்பரப்பு நோயாளிகளிடமிருந்தும் தொடங்குங்கள். எண்ணிக்கையில் இவர்கள் குறைவு. காத்திருப்பதால் இழப்பது இவர்களுக்குத்தான் மிக அதிகம். அடுத்து கெரட்டோகோனஸ். வரைவு எழுதும்போது எந்த நோய்க்கு எந்த லென்ஸ், எத்தனை அமர்வு, எவ்வளவு காலத்துக்கு ஒரு மாற்று என்ற விவரங்கள் வேண்டியிருக்கும். அவற்றை எழுதித் தரவும், உங்கள் குழுவோடு உட்கார்ந்து ஒவ்வொரு விதியாகப் பார்க்கவும் நான் தயாராக இருக்கிறேன். நோயாளிகளில் சிலரும் தங்கள் கோப்புகளோடு வந்து பேசச் சம்மதித்திருக்கிறார்கள். ஒரு தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காண்டாக்ட் லென்ஸ் பொருத்தும் ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட்